பொரியாத நெல்

முதல் பிடி நெல்லைச் சட்டியில் போட்டபோது ஜசோத்ராவைச் சுற்றி இருபது பெண்களாவது நின்றிருப்பார்கள். சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. மறுநாள் அவள் அண்ணன் லேக்ராமின் மகள் ரொவீனாவுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் அத்தை கையால் நெல் பொரிக்க வேண்டும். மறுநாள் பெண்ணின் தம்பி அந்தப் பொரியை அள்ளி அவள் கையில் போட, அவள் அக்கினியில் சொரிவாள். அந்தப் பொரியை லாவா என்போம். எங்கள் எஸ்ஸெகீபோ கரையில் மாப்பிள்ளை படகைத் தவறவிட்டுப் பொழுது சாய்ந்து வந்து சேர்ந்த கல்யாணம் உண்டு. சமையல்காரன் குடித்துவிட்டுக் கவிழ்ந்து, வந்தவர்கள் பட்டினியாய்த் திரும்பிய கல்யாணம்கூட உண்டு. லாவா இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சட்டியில் மணல் நன்றாகச் சுட்டிருந்தது. பெண்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவை, அவள் மூக்கை, அவள் நடையைக் கேலி செய்கிற பாட்டு, வழக்கமானதுதான். லேக்ராம் பத்தடி தள்ளிப் பந்தல் மூங்கிலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். நெல் வெடிக்க ஆரம்பித்தால் தகரக் கூரையில் மழை இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவர் கை மாவிலையில் இருந்தாலும் காது அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தது.

இங்கொன்று அங்கொன்றாக நாலைந்து மணி வெடித்தது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் மணலுக்குள் சும்மா கிடந்து பழுப்பாகி, பிறகு கறுத்து, தீய்ந்த வாசனை விட்டது.

பாட்டு நடுவரியில் நின்றது. ஜசோத்ரா அரித்தெடுத்துக் கொட்டிவிட்டு இரண்டாவது பிடி போட்டாள். அதுவும் அப்படியே. விறகை இழுத்துத் தணலைக் குறைத்து மூன்றாவது பிடி போட்டாள். வெள்ளையாய் மலர்ந்த பொரி ஒரு கைக்குழிகூடத் தேறவில்லை.

"மணல் சூடு பத்தல போல" என்றாள் ஒருத்தி.

"மணலா? அதுல கோழியைப் போட்டா வறுபட்டுரும்" என்றாள் சுமின்ட்ரா. அடுத்த தெருக்காரி. எந்தக் கல்யாண வீட்டிலும் முதல் ஆளாய் வந்து, முதல் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்கிறவள். "நான் எதுவும் சொல்லல. ஆனா லாவா பொரிக்கிற கைன்னா அதுக்குன்னு ஒரு இது வேணும். வாழுற பொம்பளை கையா இருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளைக் கேட்க அங்கே ஆளில்லை. ஜசோத்ராவின் புருஷன் கமல் பதினோரு வருடத்துக்கு முன்னால் நியூயார்க்குக்குப் போனவன். இரண்டு வருடம் பீப்பாயில் துணியும் சோப்பும் அனுப்பினான். அப்புறம் பீப்பாயும் நின்றது, பேச்சும் நின்றது. செத்துப்போயிருந்தாலாவது விதவை என்று ஒரு பெயர் கிடைத்திருக்கும். அதுவும் இல்லாமல் அண்ணன் வீட்டில் இருந்து, அண்ணன் வயலில் உழைத்து, அண்ணன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சுமின்ட்ராவைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி நேராக லேக்ராமைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நீ பேசு என்று இருந்தது.

பேசவேண்டியது என்னவென்று லேக்ராமுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தார். கொல்லைப் பக்கம் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த ஆண்கள் என்ன சத்தத்தையே காணோம் என்று எட்டிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு மாவிலையைக் கட்டினார்.

அவர் மனைவி ஹேம்வத்திக்குக் கை கால் ஓடவில்லை. கெட்ட பெண் அல்ல அவள். நாளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற அம்மா, பயந்துபோனாள். "பானோ, நீ கொஞ்சம் உக்காரேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியை இழுத்தாள். பானோவுக்குத் தொந்தியும் தொப்பையுமாய்ப் புருஷன், மூன்று மகன்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நெல்லு கைபட்டுப் போச்சே" என்றாள் சுமின்ட்ரா. "வேற நெல்லு கொண்டா பானோ, உங்க வீட்டுது."

பானோ வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் நெல் வந்தது. ஜசோத்ரா எழுந்து முறத்தையும் அரிகரண்டியையும் பானோவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பானோ போட்ட முதல் பிடியே படபடவென்று வெடித்து, சட்டிக்கு வெளியே துள்ளி, புடவைகளின் மேல் விழுந்தது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள். ஆளும் மாறியிருக்கிறது, நெல்லும் மாறியிருக்கிறது. இரண்டில் எது என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. ஜசோத்ரா வீட்டுக்குப் பின்னால் போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

லேக்ராம் கவனித்தார்.

நெல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அப்படித்தான் அவரும் சொல்லிக்கொள்வார், பெரும்பாலும் உண்மையும்கூட. எங்கள் ஊர் ஹென்ரியட்டாவில் லேக்ராம் நெல் என்றால் மில்லுக்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்வார்கள். தீட்டினால் ஒரு மணி உடையாது, அப்படி ஒரு பேர். அந்தப் பேர்தான் இந்த வருடம் அவர் தலைக்கு ஏறிவிட்டது.

மார்ச் கடைசியில் பயிர் தலை சாய்த்து நின்றது. கதிரின் மேலே எல்லாம் மஞ்சள், அடியில் சில மணிகள் மட்டும் பச்சை. அறுக்க அதுதான் நாள். அறுவடை மெஷின் ஓட்டுகிற டெஸ்மண்ட் வந்து வரப்போரம் நிறுத்தி, ஒரு பிடி நெல்லை ஈரம் அளக்கிற கருவியில் போட்டுப் பார்த்தான். ஈரம் நூற்றுக்கு இருபத்தொன்று.

"இன்னைக்கு விட்டா நான் திரும்ப வர பத்து நாளாகும் பாஸ். கடற்கரை முழுக்க ஆள் காத்திருக்கு" என்றான்.

லேக்ராம் வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். இருபத்தொன்றில் அறுத்தால் உலர்த்த வேண்டும். மில்லில் ஈரத்துக்கு ஒரு கழிவு, உலர்த்துவதற்கு ஒரு கழிவு. "சூரியன் சும்மாதானே காயுது? மில்லுக்காரன் நெருப்புக்கு நான் எதுக்குக் கூலி குடுக்கணும்? நிக்கட்டும். பதினாலுல அறுத்து நேரா மூட்டை கட்டுறேன் பாரு."

"அண்ணே, மெஷின் வந்து நிக்குறப்ப திருப்பி அனுப்பாத. அறுத்துருவோம்" என்றாள் ஜசோத்ரா. அவள் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டிருந்தாள். "காஞ்ச நெல்லு மேல மழை விழுந்தா அவ்வளவுதான். வடக்க பாரு, மேகம் ஒரு மாதிரி இருக்கு."

"கட்டுன புருஷனையே பிடிச்சு வச்சுக்கத் தெரியல. இவ மேகத்தைப் பிடிக்க வந்துட்டா" என்றார் லேக்ராம், சிரித்துக்கொண்டே.

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. தொப்பியை இறக்கிக்கொண்டு மெஷினைத் திருப்பினான். ஜசோத்ரா மடையை அடைத்து முடித்துவிட்டுத்தான் கரையேறினாள்.

நெல் நின்றபடி காய்ந்தது. லேக்ராம் சொன்ன மாதிரியே பதினாலுக்கு வந்தது. தன்னிடமிருந்த ஈரக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய்க் காட்டினார். "வயல்லயே பதினாலு! எவனாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டு இரண்டு பேருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். அதற்கடுத்த இரண்டு ராத்திரியும் மழை பெய்தது. இரண்டு பகலும் வெயில் கொளுத்தியது. பத்தாம் நாள் டெஸ்மண்ட் வந்து அறுத்தபோது நெல் பொன்னாட்டம் கொட்டியது. பார்த்தவர்கள் எல்லாம் கண்ணு படப்போகுது என்றார்கள்.

அன்று சாயங்காலம் லேக்ராம் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பத்து நெல்மணியை உமி நீக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழில் குறுக்கே முடி போல ஒரு கோடு. காய்ந்த மணி தண்ணீர் குடித்தால் மேல்புறம் உப்பும். உள்ளே இறுகினது இறுகினபடி கிடக்கும். அந்த இழுப்பில் அரிசி விரிசல் விட்டுவிடும். உமி மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. மில்லில் தீட்டும்போதுதான் பாதிக்குப் பாதி நொய்யாக உதிரும். பொரிக்கவும் உதவாது. ஆவி உள்ளே அடைபட்டு நின்றால்தான் மணி வெடிக்கும். விரிசல் வழியாக அது கசிந்துவிட்டால் கிடந்து கருகவேண்டியதுதான்.

பொரிக்கிற விஷயம் அப்போது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. அது பெண்கள் பாடு என்று விட்டுவிட்டார். அவர் கவலை முழுக்க மில்லைப் பற்றித்தான். மொத்த விளைச்சலையும் திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருப்பவர் வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் அப்பா புத்ராம். அன்னா ரெஜினா டவுன் பக்கம் சின்ன மில் வைத்திருக்கிறார். முழுசு முழுசான பச்சரிசியைப் பொட்டலம் கட்டி டிரினிடாட் கடைகளுக்கு அனுப்புகிறவர். "இந்தத் தடவை என் சம்பந்தி நெல்லு. கண்ணாடியாட்டம் இருக்கும்" என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கல்யாணம் முடியட்டும், தீட்டி உடைந்தால் மில் உருளை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். லேக்ராமின் திட்டம் அவ்வளவு கேவலமாக இருந்தது. அதைத் திட்டம் என்று அவர் தமக்கே ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நாலு மணிக்கு வாசலில் புத்ராமின் வண்டி வந்து நின்றது. மில்லிலிருந்து பெஞ்சும் பெரிய அண்டாக்களும் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா முதல் நாள் பெண் வீட்டுக்கு வருவது அவ்வளவு வழக்கமில்லைதான். ஆனால் அவர் அப்படி முறை பார்க்கிற ஆளில்லை.

"என்ன சம்பந்தி, முகம் ஏன் இப்படி இருக்கு? பொண்ணு மனசு மாறிட்டாளா?"

லேக்ராம் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் சுமின்ட்ரா நாற்காலியோடு திரும்பிவிட்டாள். "ஒண்ணுமில்லைங்க. லாவா மொதல்ல பொரியல. ஜசோத்ரா கைல. அப்புறம் பானோ உக்காந்தா, கொட்டுச்சு. இப்ப எல்லாம் சரியாயிருச்சு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

புத்ராம் அண்டாவை இறக்கி வைத்தார். மில் நடத்துகிறவர், கணக்குத் தெரிந்தவர், ஆனால் வீட்டில் ஒரு பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர். லேக்ராமைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் நம்புறனோ இல்லையோ, அது வேற. என் வீட்டுக்காரி காதுக்கு இது ராத்திரிக்குள்ள போயிரும். நாளைக்கு உங்க தங்கச்சி பந்தலுக்குள்ள வரவேணாம் சம்பந்தி. பின்னாடி சமையல் பக்கம் இருக்கட்டும். யாரும் எதுவும் சொன்ன மாதிரி இருக்காது. என்ன சொல்றீங்க?"

ரொவீனாவை நடக்கப் பழக்கியவள், எழுத உட்காரவைத்தவள், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவள் பந்தலுக்குள் வரக்கூடாது. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால் லேக்ராம் என்ன சொல்வார். "நான் பேசுறேன்" என்று முனகினார்.

ஜசோத்ரா கொட்டகையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கருகின நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்து ஆவது ஒன்றுமில்லை. கைக்கு ஒரு வேலை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் லேக்ராம்.

"மூட்டை கட்டுறப்பவே கடிச்சுப் பார்த்தேன். பல்லுல பட்டதும் ரெண்டாப் போச்சு."

"அப்ப எதுக்கு இதைப் போய்ப் பொரிக்க எடுத்த?"

"அண்ணிகிட்ட காலையிலயே சொன்னேன், பானோ வீட்டுல ஒரு படி வாங்கிக்கலாம்னு. நம்ம வயல்ல விளைஞ்சது மூட்டை மூட்டையா இருக்குறப்ப எதுக்கு இரவல்னாங்க. காரணம் சொல்லணும்னா உன்னைச் சொல்லணும். சம்பந்தி வீட்டுக்குப் போற நெல்லாச்சே. எப்படிச் சொல்ல?"

"அங்கயாவது சொல்லியிருக்கலாம்ல, கை இல்ல, நெல்லுதான்னு."

ஜசோத்ரா முறத்தைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா எடுபடுமா? ராசி கெட்டவ, நெல்லு மேல பழி போடுறாம்பாங்க. நீ சொன்னா எடுபட்டிருக்கும். லேக்ராம் நெல்லைப் பத்தி லேக்ராமே சொன்னா மறுபேச்சு இருக்காது. உன்னைத்தான் பார்த்தேன். நீ மாவிலை கட்டுன."

லேக்ராம் ஒரு மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். சொல்ல வந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "நாளைக்கு... சம்பந்தி வீட்டம்மா கொஞ்சம் ஒரு மாதிரி. பந்தல் பக்கம்..."

"வரக்கூடாதா?"

அவர் மூட்டையின் தையலை நகத்தால் கிள்ளினார்.

"காலைல அவளுக்குத் தலை பின்னணும். நான் பின்னலாமா, இல்ல அதுக்கும் பானோவைக் கூப்பிடணுமா? கேட்டுச் சொல்லு."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் லேக்ராம் திருப்பி ஏதாவது கத்தியிருப்பார், அதோடு தீர்ந்திருக்கும். நாளைக்குச் சோற்றுக்கு எத்தனை படி என்று கேட்கிற குரலில் கேட்டாள். அது அவரைக் கொன்றது. பதினோரு வருடமாக ஒருத்தியைத் தன் கூரைக்குக் கீழே வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டவருக்கு, யார் யாரைத் தாங்கினார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். புத்ராம் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். லேக்ராம் ஜன்னலில் கையை வைத்து, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னார். டெஸ்மண்டைத் திருப்பி அனுப்பியது, மழை, விரிசல், எல்லாம். உருளை மேல் பழி போடலாமென்று நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. மனுஷன் அவ்வளவுதான்.

புத்ராம் இன்ஜினை நிறுத்தினார். "ஒரு பிடி கொண்டாங்க." கொண்டுவந்த நெல்லில் நாலைந்தைக் கடித்துப் பார்த்துத் துப்பினார். அப்புறம் சிரித்தார்.

"இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து நிக்குறீங்க? பச்சையா தீட்டுனாத்தான் உடையும். அவிச்சுட்டா விரிசல் தானா ஒட்டிக்கும். ஊறவச்சு, ஆவி காட்டி, நிழல்ல நிதானமாக் காயவச்சா முழுசு முழுசா வரும். புழுங்கலரிசியாப் போகட்டும், இங்கயே விக்கலாம். பச்சரிசிக்கு வேற நெல்லு பார்த்துக்குறேன். முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாய்விட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான் நட்டம்."

லேக்ராமுக்கு அழுகை வரும்போல இருந்தது. எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. "அப்ப ஜசோத்ரா விஷயம்... உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க, கை இல்ல, நெல்லுதான்னு."

புத்ராமின் சிரிப்பு நின்றது.

"அது முடியாது சம்பந்தி. அவகிட்ட நெல்லு விரிசல்னு சொன்னா திங்கக்கிழமை அன்னா ரெஜினா சந்தை முழுக்கத் தெரிஞ்சுரும். புத்ராம் மில்லுக்கு விரிசல் நெல்லு வருதாம்னு டிரினிடாட்காரன் வரைக்கும் போயிரும். அவிச்சேன், ஒட்டுச்சுன்னு ஒவ்வொருத்தனுக்கும் நான் விளக்கிக்கிட்டா இருக்க முடியும்? பொம்பளைங்க பேச்சு பத்து நாள்ல ஆறிரும். நெல்லுக்கு வந்த பேரு ஆறாது. நீங்களும் வெளிய சொல்லாதீங்க. உங்க பேரும் இதுல இருக்கு, மறந்துராதீங்க."

லேக்ராம் தலையாட்டினார். அந்தத் தலையை அந்த நேரத்தில் யாராவது பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நெல் தப்பியது. அவர் பேர் தப்பியது. எதற்காக வாசலுக்கு ஓடினாரோ அது மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. ஆனாலும் ஒரு பாரம் இறங்கின மாதிரி அவருக்கு இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு காரில் வந்து இறங்கினார்கள். மேளம் காதைப் பிளந்தது. ரொவீனா மஞ்சள் புடவையில் பந்தலுக்கு வந்தாள். தலையைப் பானோதான் பின்னியிருந்தாள். கோணலாக இருந்தது. ரொவீனா உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். "அத்தை எங்கம்மா?" என்றாள். "அண்டா பக்கம் வேலையா இருக்கா. நீ முன்னாடி பாரு" என்றாள் ஹேம்வத்தி.

பண்டிட் மந்திரத்தை ஓட்டிக்கொண்டே போனார். லேக்ராம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைச் செய்துகொண்டிருந்தார். "லாவா கொண்டாங்க" என்று பண்டிட் சொன்னார். பித்தளைத் தட்டில் பானோ வீட்டுப் பொரி வந்தது, மல்லிகைப் பூவாக. ரொவீனாவின் தம்பி தட்டை வாங்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றான்.

அப்போதுதான் லேக்ராம் ஜசோத்ராவைப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே, சோற்றுப்பானைக்குப் பக்கத்தில், இரண்டு ஆண்களின் தோள்களுக்கு இடையில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் அசைந்தால் அவளும் அசைந்தாள். கையில் பெரிய சட்டுவம். வயலில் வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டிருந்தபோது இருந்த முகம்தான் இப்போதும் இருந்தது.

அவர் எழுந்துவிட்டார்.

"பண்டிட்ஜி, ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்லணும்." மேளக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். சத்தம் நின்றது. "நேத்து லாவா பொரியாததுக்கு என் தங்கச்சி கை காரணமில்ல. என் நெல்லுதான் காரணம். மெஷின் வந்து நின்னப்ப அவ அறுக்கச் சொன்னா. நான் கேக்கல. வயல்லயே காயவிட்டு மழையில நனையவிட்டேன். உள்ளுக்குள்ள எல்லாம் விரிசல். பேரு கெட்டுருமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பழியை அவ சுமந்தா."

உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தார்கள்.

பிறகு சுமின்ட்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியாடி, அண்ணன்னா இவன்தான். தங்கச்சிக்காகத் தன் நெல்லையே கெட்டதுங்குறான்."

"எங்கண்ணனும் இருக்கானே" என்றாள் இன்னொருத்தி.

லேக்ராமுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல, இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். விரிசல் நெல்லு." சட்டைப் பையில் நேற்றைய நெல் கொஞ்சம் இருந்தது. எடுத்து நகத்தால் உமியைக் கிள்ளி அரிசியைத் தூக்கிக் காட்டினார். அது அவர் விரலிலேயே இரண்டாக உடைந்தது. "இந்தா, பாருங்க."

"இப்படி நகத்தை வச்சுக் கிள்ளுனா எங்க நெல்லும்தான் உடையும் லேக்ராம்" என்றான் பானோவின் புருஷன், ஆதரவாக. "உன் நெல்லு எப்படின்னு இந்தக் கரைக்கே தெரியும். உக்காருப்பா."

"சம்பந்தியைக் கேளுங்க. அவர் கடிச்சுப் பார்த்திருக்கார். சொல்லுங்க சம்பந்தி."

எல்லோரும் புத்ராமைப் பார்த்தார்கள். அவர் மனைவியும் பார்த்தாள். புத்ராம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"எங்க சம்பந்திக்கு மனசு பெருசு" என்றார்.

கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளையின் அம்மாவே கண் கலங்கி, இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கிறோம் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். பண்டிட் லேக்ராமின் தோளைத் தட்டி உட்காரவைத்தார். "நேரம் போகுது. உங்க அன்பு அக்கினிக்குத் தெரியும்" என்றார். ரொவீனா மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் நம்பினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. தம்பி பொரியை அள்ளி அவள் கையில் போட்டான். அவள் சொரிந்தாள்.

லேக்ராமுக்கு அதற்குப் பிறகு நடந்தது எதுவும் மனதில் ஏறவில்லை. கண்டவர் எல்லாம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்லி இதை வாங்க வேண்டியிருந்தது. முதல் நாள் மதியம், மாவிலையைக் கீழே போட்டுவிட்டு இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், சுமின்ட்ராவே சட்டியை எட்டிப் பார்த்து, அட ஆமாம் நெல்லுதான், என்றிருப்பாள்.

அல்லி இலை விரித்துப் பந்தி உட்கார்ந்தது. லேக்ராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோற்றுப்பானைக்குப் போனார். ஜசோத்ரா ஆவியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் ஜசோ. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"கேட்டுச்சு."

"யாரும் நம்பல."

"எப்படி நம்புவாங்க? நேத்து நீ பேசாம நின்னதைப் பார்த்தவங்கதானே எல்லாரும்." அவள் வாளியை நிரப்பி நகர்த்திவிட்டு அடுத்த வாளியை இழுத்தாள். "நேத்து வரைக்கும் நான் ராசி கெட்டவதான். இன்னைக்கு அண்ணனைப் பொய் சொல்லவச்சவளும் ஆயிட்டேன். போதும் அண்ணே. இனி எனக்காக எதுவும் பேசாத. தள்ளி நில்லு, சோறு ஆறுது."

லேக்ராம் தள்ளி நின்றார்.